மேசையின் வேகம்

சாந்தோன்யா துறைமுகத்து நெத்திலி மீன் பதப்படுத்தும் கூடத்தில் பெனித்தாவைவிட விரைந்த கை கிடையாது. மணியடிக்கும் முன்பே வந்து தன் கத்தரிக்கோலைத் தானே தீட்டுவாள். வேலை முடியும்வரை எவருடனும் பேசமாட்டாள்.

உப்பில் ஊறிய மீனின் தோலை வலைத்துணியால் தேய்த்து, ஓரங்களைக் கத்தரித்து, முள்ளை உருவி வைப்பதே அங்குள்ள பெண்களின் தொழில்.

ஆண்டுக்கொருமுறை மேற்பார்வையாளர் ஃபவுஸ்தீனோ கடிகாரத்தோடு பெனித்தாவின் அருகில் வந்து நிற்பார். அவள் கை காட்டும் வேகமே, மணிக்கு இத்தனை மீன் என்று சுவர்ப்பலகையில் ஏறி, அவ்வாண்டு முழுவதும் எல்லாருக்கும் விதி. எங்கள் மேசையின் வேகம் என்று அதைப் பெருமையாகவே அனைவரும் பேசிவந்தனர், பெனித்தாவுக்குப் பக்கத்தில் அமரும் சாரோ உட்பட.

சாரோவுக்கு வலக்கை மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போது இடக்கையும் தூக்கத்தில் மரத்து அவளை எழுப்புகிறது. உதறினால்தான் விரல்களுக்கு உயிர் வருகிறது. குளிர்நீரில் மணிக்கட்டை மடக்கியபடியே ஓயாது உழைப்பதால் உள்ளே நரம்பு நெரிபடுகிறது என்றும், வேகம் தணிந்து மணிக்கட்டு நிமிர்ந்திருந்தால் இந்தக் கையாவது தப்பும் என்றும் மருத்துவர் சொன்னதை அவள் மேசையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

விதி இன்னும் ஒரு படி ஏறினால் சாரோ வேலையை விடவேண்டியதுதான்.

இன்று அளவெடுக்கும் நாள்.

"என்ன ராணி, இந்த வருஷமும் இவளுங்கள மூச்சு வாங்க வைப்பியா?" என்று சிரித்தவாறே ஃபவுஸ்தீனோ கடிகாரத்தை அழுத்தினார்.

பெனித்தா முதல் மீனை எடுத்தாள். மணிக்கட்டை வளைக்காமல் நிதானமாகத் தேய்த்தாள்.

சற்றைக்கெல்லாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கையை உதறினாள். விரல்களை வெந்நீரில் நனைத்து, துடைத்து, அடுத்த மீனை எடுத்தாள்.

கூடத்தில் மற்றக் கத்தரிக்கோல்களின் ஒலி நின்றுபோயிற்று.

"போச்சு, கிழவிக்குக் கை போயிடுச்சுடி" என்று எதிர்வரிசையில் எவளோ கிசுகிசுத்தாள்.

பெனித்தாவின் காது சிவந்தது. கை மட்டும் விரையவில்லை.

ஃபவுஸ்தீனோ கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். அதே வேகம்.

அவள் கைதான் விதி என்று இத்தனை ஆண்டும் முழங்கியவர் அவரே. முணுமுணுத்துக்கொண்டே பலகையிலிருந்த எண்ணை அழித்து, அதனினும் சிறியதொன்றை எழுதினார்.

ஒருத்தி மேசையைத் தட்டினாள். அடுத்தவள் தட்டினாள். பிறகு கூடமே அதிர்ந்தது. சாரோவின் மரத்த விரல்களும் தட்டின.

மாலையில் கைகழுவும் இடத்தில், ஈரமேறி இறுகிய ஏப்ரன் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்த சாரோ, பெனித்தாவைக் கண்டதும் கலங்கினாள்.

"அக்கா, உனக்குமா இந்தப் பாழாப்போன வியாதி?"

பெனித்தா குனிந்து, கண்மூடித் திறப்பதற்குள் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"எனக்கென்னடி வியாதி? கை நல்லாத்தான் இருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். "ஆனா இனிமே என் வேகம் இதுதான்."