கடைசி இடம்

அக்கா இன்னும் தூங்கவில்லை என்று தெரிந்ததும் அவள் பாய்க்கு நகர்ந்துபோனேன்.

"அக்கா, இன்னிக்கு நான் ஜெயிச்சிட்டேன்."

"ஊரே டிவியில பாத்துச்சுட்டி. அப்பா சாப்பிடவே இல்ல."

எங்கள் ஊர்ப் பெண்கள் கபடி அணி கோப்பை வாங்கி இருபத்தாறு வருடமாகிறது. அடுத்த வருடம் வாங்கிவிடலாம் என்று கணிப்பு மெஷின் சொல்லிவிட்டது. ஆனால் இந்த வருடம் கடைசி இடத்தில் முடிக்க வேண்டும். கடைசியாக வரும் அணிதான் அடுத்த வருடத்துப் புது ஆட்டக்காரிகளில் சிறந்தவளை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதற்காக இந்த வருட அணியையும் மெஷினே பொறுக்கியது. மாவட்டத்திலேயே நிச்சயமாகத் தோற்பவள் என்று என் பெயர்தான் முதலில் வந்தது. அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

"கபடி மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"பஸ்ல முன் சீட்டுக்குப் போயி உக்காந்துக்கிட்டாரு. என் பக்கத்துல யாருமே உக்காரலக்கா."

"நாளைக்கு ஒரு மேட்ச் இருக்குல்லா? அதுல தோத்துட்டா கடைசி இடம் நமக்குத்தான். பேசாமப் படு இசக்கி."

"அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

"தோக்குறதுக்கு என்னட்டி பயம்? இத்தன நாளும் அதத்தான செஞ்ச?"

நான் அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தன நாளும் நான் யாரையும் தொட்டதில்லையேக்கா. இன்னிக்கு மூணு பேரத் தொட்டுட்டுக் கோட்டுக்குத் திரும்பி வந்துட்டேன். நாளைக்கும் எவளாச்சும் கைக்கு எட்டுனா, தொடாம வர என்னால முடியாது."