உள்மூச்சில் ஓர் ஆமாம்

சோர்கா டிரம்ஸின் பொத்தானைக் கீழே இழுத்தாள். டிரம்ஸ் அடங்கியது.

பக்கத்தில் நின்ற அவள் அம்மா டிம்ப்னா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அயர்லாந்தின் லிமரிக் நகர அருங்காட்சியகத்தில் லாக்கீப்பர்ஸ் ராக் இசைக்குழுவுக்கு ஒரு கண்காட்சி. சுவர் முழுக்க அதன் பாடகன் லோர்கன். மழையில் பாடும் லோர்கன், கண்ணை மூடிப் பாடும் லோர்கன், டப்ளின் மேடையில் சட்டையைக் கழற்றி வீசும் லோர்கன். அவன் கிட்டாருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பூட்ஸுக்கு ஒன்று. அவன் டீ குடித்த கோப்பையைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த ஊரில் புனிதர்களுக்கே இவ்வளவு மரியாதை கிடையாது.

டிம்ப்னா அவன் மனைவி. அவன் காரோடு ஆற்றில் விழுந்து செத்தபோது மகள் சோர்காவுக்கு இரண்டு வயது. அப்பா எப்படி இருப்பார் என்று அவள் கேட்கும்போதெல்லாம் தங்கமான மனுஷன் என்று சொல்லியே வளர்த்தாள். ஊரும் அதையே சொன்னது. அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்க யாருக்கும் வழியில்லாமல் இருந்தது, இந்த மேசை வரும்வரை.

மேசையில் லாக்கீப்பர்ஸின் புகழ்பெற்ற காதல் பாட்டைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வாத்தியத்துக்கு ஒரு பொத்தான். கீழே இழுத்தால் அது அடங்கிவிடும். எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் குரல் மட்டும் மிஞ்சும்.

பாட்டு முடியும் இடத்தில் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தபடி 'ஆமாம்' என்பாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கசாப்புக் கடைக்காரர், பாதிரியார், பல் டாக்டர் எல்லாரும் பேச்சுக்கு நடுவே மூச்சை உள்ளிழுத்துத்தான் ஆமாம் போடுவார்கள். ஆனால் இந்த ஆமாம் பாதியில் அறுந்துவிடும். அது டிம்ப்னாவின் குரல் என்பது உலகத்துக்கே தெரியும். காதலில் மூச்சு முட்டிய ஆமாம் என்று பெயர். தங்கள் கல்யாணத்தில் அதைப் போட்டுக் கண்ணீர் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அதற்கு முன் லோர்கன் அவளிடம் என்ன கேட்டான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கிட்டாரின் இரைச்சல் அதை மூடியிருந்தது.

சோர்காவின் கைபேசி அதிர்ந்தது. பதில் அனுப்பினாள். உடனே மறுபடியும் அதிர்ந்தது.

"கிலியன்தான்மா. இன்னுமா அங்க இருக்கேன்னு கேக்குறார்."

கல்யாணமாகி ஒரு வருடம். பெண்டாட்டியைப் பிரிந்து அரை நாள் இருக்கமாட்டார் என் மருமகன் என்று டிம்ப்னா அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

"அப்ப கிளம்பலாம் வா. எனக்கும் கால் வலிக்குது."

"இரும்மா. நல்ல இடம் வரப்போகுது."

பக்கத்தில் நின்றவர்கள் டிம்ப்னாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். நான்கைந்து பேர் நெருங்கி வந்தார்கள். ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். நகர வழியில்லை.

சோர்கா கிட்டாரையும் கீழே இழுத்தாள்.

லோர்கனின் குரல் கூடத்தில் தனியாக எழுந்தது. டிம்ப்னாவின் தோள்கள் தாமாகக் குறுகின. செத்துப்போனவனுக்குப் பயப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். தோள்களுக்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. ஒலிப்பதிவில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு தேன் ஒழுகும் குரலில் அவன் சொன்னான்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், சரியா?"

உள்ளிழுத்த மூச்சில், பாதியில் அறுந்த ஆமாம்.

அன்று ஒலிப்பதிவுக்காரர் சொன்ன ஏதோ ஒரு ஜோக்குக்கு டிம்ப்னா சிரித்துவிட்டாள். அதுதான் குற்றம். வீட்டுக்குப் போய் அவன் கையால்தான் பேசினான். அவளுடைய இடது காது அன்றோடு போனது.

டிம்ப்னா தரையைப் பார்த்தபடி நின்றாள். இப்போது மகள் அதைப் பற்றிக் கேட்கப்போகிறாள். எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறாள்.

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சோர்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எவ்வளவு தன்மையாப் பேசுறார்மா, அப்பா."

மகளுக்கு எதுவும் புரியவில்லை. டிம்ப்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுக்காமல் மனதுக்குள்ளேயே ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாசலை நெருங்கும்போது கைபேசி மறுபடி அதிர்ந்தது. சோர்கா எடுத்துக் காதில் வைத்தாள். கிலியன் பேசுவது வெளியே கேட்கவில்லை. அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றாள். தோள்கள் மெல்லக் குறுகின.

பிறகு மூச்சை உள்ளே இழுத்தபடி ஆமாம் என்றாள். அது பாதியில் அறுந்தது.

டிம்ப்னாவின் நல்ல காதுப் பக்கம்தான் அவள் நின்றிருந்தாள்.

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு சோர்கா சிரித்தாள். "உன்னை வீட்டுல விட்டுட்டு நான் ஓடணும்மா. ஏதோ பேசணுமாம்."

லோர்கன் கேட்டதில் மகளுக்கு ஏன் எதுவும் தப்பாகத் தெரியவில்லை என்று டிம்ப்னாவுக்கு இப்போது புரிந்தது. கண்காட்சிக்குள் நுழைந்ததிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மகள் கையிலிருந்த கார் சாவியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே அந்த மேசையை நோக்கி நடந்தாள்.

"வா. அதை இன்னொரு தடவை கேப்போம்."