பனெலாவுக்காக உயர்ந்த கைகள்

ஜீப்பின் கூரையிலிருந்த ஒலிபெருக்கியை அணைக்க எவெலியோ மறந்துவிட்டான்.

ஒரு கையில் சோள அடை, மறு கையில் காபி. மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லையே, ஓட்டுநர் என்ன செய்வான்?

மாட்டுத் தடுப்பூசி அறிவிப்பு முடிந்ததும் பக்கத்து இருக்கையில் இருந்த வனத்துறைக் கால்நடை மருத்துவர் நொயெமி பெருமூச்சோடு சொன்னது, மக்தலேனா ஆற்றின் இரு கரைக்கும் கேட்டது.

"இனி வேற வழியில்ல. பனெலாவைச் சுட்டுத்தான் ஆகணும்."

அடை தீர்வதற்குள் ஊர் சூழ்ந்துவிட்டது. பனெலா அந்த ஊரின் செல்ல நீர்யானை. மூன்று மாதத்தில் மூன்று படகைக் கவிழ்த்த செல்லம்.

மேயரும் வந்தார், நீர்யானைப் படம் போட்ட பனியனோடு. தேர்தலுக்குப் பத்தே நாள். பனெலா என்று அந்த ஊர் வெல்லத்தின் பெயரை அதற்கு வைத்தது தான்தான் என்று மேடைக்கு மேடை சொல்பவர்.

"அது கொழந்தை, டாக்டரம்மா! வெளையாட்டுக்குக் கடிச்சுது!" என்று கத்தினான் மீனவன் ஹெனாரோ. மூன்றாவது படகில் கால் முறிந்தவன் அவன்தான்.

எவெலியோ கிசுகிசுத்தான். "என் மாமியார் வீட்டு மாட்டுக்கும் பனெலான்னுதான் பேரு, அதைத்தான் சொன்னேன்னு சொல்லிடுங்க. சத்தியம் நான் பண்றேன், எனக்குப் பழக்கம்தான்."

நொயெமி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பின் முன்மூடிமேல் ஏறி நின்றாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். ரெண்டு தடவை வெளியூர் அனுப்பப் பார்த்தேன், எந்தப் பூங்காவும் வாங்கிக்கல. நாலாவது படகுல பொணம்தான் வரும். யார் வீட்டுப் பொணம்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பதிலுக்குப் பறந்து வந்தது தக்காளி.

மூன்றாவது தக்காளிக்கும் அவள் இறங்கவில்லை. எவெலியோ முதல் தக்காளிக்கே இருக்கைக்கு அடியில் இருந்தான்.

"பனெலா வாழணும்கிறவங்க கை தூக்குங்க!" என்றார் மேயர்.

ஊரே தூக்கியது. ஹெனாரோ ஊன்றுகோலைத் தூக்கித் தள்ளாடினான். எவெலியோவின் கையும் பாதி உயர்ந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

திரும்பும் வழியில், ஆற்றோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தூரத்தில் பத்துப் பதினைந்து ஜோடிக் காதுகள் நீர்மேல் தெரிந்தன. அவள் ஒரு ஜோடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனையில பனெலா எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்க?"

நான்கு வருடமாக எவெலியோ கேட்கும் கேள்வி. எப்போதும் "ஜோசியம்" என்பாள்.

இன்று கூந்தலிலிருந்த தக்காளி விதையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆறு மாசம் பாட்டில்ல வளர்த்தது நான்தான், எவெலியோ. பால்ல வெல்லம் கரைச்சாத்தான் குடிப்பான்."