வசமாகச் சிக்கிய ஆள்

மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்த ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர், பக்கத்து அறையில் ஒருவன் தன் பீரோவைக் கம்பியால் நெம்புவதைப் பார்த்தார். கத்தவில்லை. பூனைபோல் நடந்து வாசல் கதவையும் பின்கதவையும் பூட்டினார். பிறகு அந்த ஆறடி உடம்பால் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பக்கமாப்பா ஏறினே?"

திருடனின் கையிலிருந்து கம்பி நழுவியது. "பின்பக்கச் சுவர் சார். மன்னிச்சு விட்ருங்க, போயிடறேன்."

"போறதா? நல்லா இருக்கே கதை! உட்காரு."

காலமெல்லாம் ஓடும் ரயிலில் ஆள் பிடித்தவராயிற்றே! இவனைத் தப்பவிடக் கூடாது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டார். மனைவி போன பிறகு திறக்கப்படாமலே கிடந்த பிராந்தி பாட்டிலையும் இரண்டு கிளாஸ்களையும் எடுத்து வைத்தார். நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தனியா உட்கார்ந்து குடிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. எடுத்துக்க."

"நான் விட்டுட்டேன் சார். வீட்ல தெரிஞ்சா சோறு கிடையாது."

"அப்போ சோடா குடி."

போலீசுக்குச் சொல்லிவிட்டுத்தான் இப்படி நேரத்தைக் கடத்துகிறாரோ? திருடன் வாசல் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பரிசோதகர் பேச ஆரம்பித்தார். முழங்கால் வலி, மருமகனின் அலட்டல், 'அப்புறம் பேசறேம்ப்பா' என்று போனை வைத்துவிடும் மகள். எதிரில் ஒருவன் உட்கார்ந்து 'ம்' கொட்டி எத்தனை காலமாயிற்று! திருடன் எழும்போதெல்லாம் தோளைப் பிடித்து அமுக்கினார். "இருப்பா, என்ன தலைபோற அவசரம்?"

"பாத்ரூம் போகணும் சார்."

ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார். திரும்பி வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் சோடா ஊற்றினார். பேச்சும் தொடர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

"பலே பெரியவரே! பேச்சுக் கொடுத்தே ஆளை மடக்கி வச்சிருக்கீங்களே!"

பரிசோதகரின் முகம் தொங்கிப்போயிற்று. "நான் எங்க சார் உங்களைக் கூப்பிட்டேன்? இப்பத்தான் பேச்சே சூடு பிடிச்சுது..."

"நான்தான் சார் பாத்ரூம்லேர்ந்து போன் பண்ணிக் கூப்பிட்டேன். சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடுங்க, அடுத்து கல்யாண ஆல்பம் காட்டறேன்னு சொல்லியிருக்காரு!" என்று இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான் திருடன்.