எதிர்க்கேள்வி

ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே வந்த பிற்பகல் வெயில் கட்டிலில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த லிப்ட் மெக்கானிக், "பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றபடி மனைவியின் அருகே ஸ்டூலில் உட்காருகிறார். தையற்காரியான அவள் மடியில் வேதப் புத்தகம் விரிந்திருக்கிறது. பக்கங்களுக்கிடையே அடையாளத்துக்குத் துணித்துண்டுகள். கல்யாணமான நாள் முதல் இவர்களுக்குள் இதுதான் சண்டை. அவள் வசனத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். கடவுளே இல்லை என்கிற அவர் அதைக் குறுக்கு விசாரணை செய்வார். "புத்தகம் உண்மைன்னு அந்தப் புத்தகமே சொன்னா போதுமா? நான் நல்லவன்னு நானே கையெழுத்துப் போட்டுக்கிற மாதிரில்ல இருக்கு!" என்பார். சிரித்துவிடாமல் இருக்க அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

இன்றும், ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையின் விரல் ஒரு வரியின் மேல் நிற்கிறது. "இங்க பாருங்க, பிரிஞ்சவங்க மறுபடியும் சேருவாங்கன்னு எழுதியிருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?" வம்புக்கு இழுக்கும் குரல். அவர் பதிலுக்காக அவள் புருவம் ஏறியே நிற்கிறது. அவர் போர்வை நுனியை இழுத்து அவள் பாதங்களை மூடுகிறார். வெளியே ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போகிறது. "எழுதியிருந்தா சரியாத்தாம்மா இருக்கும்" என்கிறார். அவள் புருவம் மெல்ல இறங்குகிறது. அவர் முகத்தையே பார்க்கிறாள், காதோரம் இன்னும் காயாத தண்ணீரையும். வசனத்தின் மேலிருந்த விரலை எடுத்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"டாக்டர் நெஜமா என்னங்க சொன்னாரு?"