பக்கத்து இருக்கை

ரங்கநாயகியின் டீசல் பிக்கப்பில், சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு, எலக்ட்ரீஷியன் ஜமால் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அணைந்துவிடும். இன்றும் தக்காளி லோடோடு மலையடிவாரத்தில் நின்று அவரைப் போனில் வரவழைத்திருந்தாள்.

“எங்கீங்க அம்மிணி எரியுது? வண்டி மேல வீண்பழி போடாதீங்க.”

“எறங்குங்ணா.” எரிந்தது. “ஏறுங்ணா.” அணைந்தது.

காரணம் பிடிபட்டதில் ஜமாலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த வண்டிக்கு இன்ஜின் இருக்கைக்கு அடியில். டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயர் அங்கே தளர்ந்திருக்கிறது. அவர் உட்கார்ந்ததும் இருக்கையின் தகடு தாழ்ந்து அதை அழுத்திப் பிடிக்கிறது. இத்தனை நாளும் பழுதின் மேல் உட்கார்ந்துகொண்டே பழுதைத் தேடியிருக்கிறார்.

“அப்பச் சரி பண்ணுங்க.”

இருக்கையைத் தூக்க இன்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால், சார்ஜ் இறங்கிய பேட்டரி அதை மறுபடி கிளப்பாது. கிளம்பிவிட்ட டீசல் இன்ஜின் பேட்டரி இல்லாமலும் ஓடும். ஆனால் சார்ஜ் ஏறாமல் முகப்பு விளக்கு எரியாதே! பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சந்தை மலைக்கு அந்தப் பக்கம். நாளைக்கு இந்தத் தக்காளி ரசத்துக்குக்கூட ஆகாது. இருக்கையில் இரண்டு பெட்டி தக்காளியை வைத்துப் பார்த்தார்கள். எடை போதவில்லை; மூன்றாவதுக்கு இடமில்லை.

ரங்கநாயகி ஜமாலை ஏற்றிக் கியரைப் போட்டாள்.

“கடையைத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன், அம்மிணி!”

“நல்ல கனமான ஸ்பேர் பார்ட்டுங்ணா நீங்க.”

ஜமால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிவப்பு விளக்கும் கூடவே மினுக்கியது.

“சிரிக்காதீங்ணா,” என்றாள். “இன்னும் முழு மலையும் கெடக்குது.”