மூணாவது சுற்று

"இதே கோட்டையை மூணாவது தடவையா சுத்துறோம். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. ரூமுக்குப் போய்ப் படுக்கலாங்க," என்றாள் அவள்.

சுற்றுலா பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்திருந்த கணவர், கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பையன் நாள் முழுசுக்கும் டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்கான். ஆறு மணி வரைக்கும் சுத்தலாம்."

"ஓசின்னா நீங்க பினாயிலையும் குடிப்பீங்க."

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு இருப்பது ஒரே அறை, ஒரே கட்டில். அதை இவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ராத்திரி நண்பன் வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். காலையில் வந்து இவர்களை பஸ் ஏற்றிவிட்டு, ஆபீஸ் போவதாகச் சொல்லிக் கிளம்புவான். மூன்று நாளாக இப்படித்தான்.

"சாவி என்கிட்ட இருக்கு. நீங்க சுத்துங்க, நான் போறேன்," என்று எழுந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார்.

"உக்காரு. நேத்து மத்தியானம் ரூமுக்கு மாத்திரை எடுக்கப் போனேன்ல?"

"கதவு திறக்கலைன்னு வந்தீங்களே."

"திறந்துச்சு. உள்ள நம்ம பையன் கட்டில்ல தூங்கிட்டிருந்தான். வாட்ச்மேன் யூனிபார்ம். ஷூவைக்கூடக் கழட்டலை. ராத்திரி டூட்டி பாக்குறான் போல."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, வீங்கின காலை எதிர் சீட்டின் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றபோதும் எழுந்திருக்கவில்லை.

"ஆறு மணிக்கு வேணாம், ஏழு மணிக்கே ரூமுக்குப் போகலாங்க," என்றாள் பிறகு. "அந்தக் கோட்டையை நான் இன்னும் சரியாப் பாக்கலை."